கொரிய அக்கா நீட்டிய கோவா இலை

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் நான் வேலை செய்த மரக்கறிக் கடை ஒரு கொரியருடையது. என்னைவிட மூத்தவர். ஆனாலும் எங்கள் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு, அவரும் என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கொரியாவில் என் அக்காவின் கிராமத்துக்குப் போகிறேன், பெட்டி தூக்க நீயும் வா, டிக்கெட் நான் போடுகிறேன் என்றார்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள்.

“எங்கட ஊருக்கே போக வழியில்லை, நீங்கள் கொரியாவுக்குப் போறியளோ? அங்கை ஆரும் கதைக்க வந்தால் எனக்குப் பின்னாலை ஒளிக்கேலாது, பாருங்கோ.”

நெல்லும் மிளகாயும் விளையும் சின்ன ஊர் அது. நாங்கள் போனது, குளிர்காலத்துக்குக் கோவாவில், அதாவது முட்டைக்கோசில், ஊறுகாய் போடும் நாட்களில். அக்காவின் முற்றத்தில் பத்துப் பெண்கள் குந்தியிருந்து, உப்பில் ஊறிய சீனக்கோவாவின் ஒவ்வொரு இலைக்கும் மிளகாயும் உள்ளிப்பூண்டும் சேர்த்த கூட்டைப் பூசினார்கள். நான் கோவா சுமந்தேன். யாருடைய பேச்சும் விளங்காதது எனக்கு வசதியாகவே இருந்தது.

அக்கா ஒரு குருத்து இலையில் கூட்டை வைத்துச் சுருட்டி, எழுந்து வந்து என் வாய்க்கு நேரே நீட்டினார். அங்கே அது வழக்கம். மற்றவர்களும் ஒருவருக்கொருவர் அப்படித்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கலியாணத்தன்று மனைவி பால்பழம் தீத்தியதுதான் கடைசி. கூச்சத்தில் முகத்தைத் திருப்பி, கையை நீட்டினேன். அவர் இலையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்க் குந்தினார். முற்றத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பின்னேரம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: அந்தக் கூட்டில் மீன்சாறு சேர்ப்பார்களாம். நான் மீனோ இறைச்சியோ, மச்சம் ஒன்றும் சாப்பிடாதவன் என்று கேள்விப்பட்டு, அக்கா வேறு பேசின் கழுவி, எனக்கென்று புறம்பாகக் குழைத்தாராம்.

“மீன் இருக்கும் என்று பயந்தாயா, அண்ணை?”

நான் தலையாட்டினேன். அது பொய். ஒரு பெண் ஊட்ட வந்தது வெட்கமாக இருந்தது என்று சொல்வதைவிட, தலையாட்டுவது சுலபம். அவர் அதை அப்படியே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மிச்ச மூன்று நாளும் அக்கா எனக்கு வெறும் சோறும் அவித்த வத்தாளங்கிழங்கும் தந்தார். கிழங்கை என் கண்முன்னே கழுவினார், என் கண்முன்னே தோலுரித்தார். சட்டியை என் பக்கம் சாய்த்து, உள்ளே வேறொன்றும் இல்லை என்று காட்டினார். தன் கையை நான் நம்பவில்லை என்று நினைத்துவிட்டார். தலை குனிந்து சாப்பிட்டேன்.

ரொறன்ரோ வந்து மனைவியிடம் சொன்னேன்.

“வெக்கமாக் கிடந்தது எண்டு சொல்லுறதுக்கு என்ன? அந்த மனிசி பாவம். நாளைக்கே முதலாளியிட்டைச் சொல்லுங்கோ.”

“ஓம்” என்றேன். நாளை நாளை என்று மாதங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி கடையிலிருந்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவர், ரிசீவரை என்னிடம் நீட்டினார். “அக்கா” என்றேன். அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார்.

“உனக்கு அங்கே ஒழுங்கான சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்கிறார்” என்றார் முதலாளி. நான் சொல்வதைக் கொரிய மொழியில் மாற்றிச் சொல்லப் பக்கத்திலேயே நின்றார்.

கிடைக்கிறது என்று மட்டும் சொல்லி, ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தேன்.