நிறுவைக் கொட்டகையில் நடந்த தேர்தல்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கட்சிக் கிளைக்குத் தலைவர் தேர்தல். நானும் நிற்பதென்று முடிவு செய்திருந்தேன். நான் தெலுக் இந்தானிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வேலையும் தோட்டத்தில் இல்லை, கியா பார்மில் ஒரு காய்கறிக் கடையில். எப்படிப் பார்த்தாலும் வெளியாள்தான். “உனக்கு எதுக்கு வேண்டாத வேலை?” என்றார் வீட்டுக்காரர். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து கிடந்தது, கேட்க நாதி இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் கிளையில் ஒரு வழக்கம். நிற்பவரின் பெயரை இரண்டு உறுப்பினர்கள் நேரில் வந்து முன்மொழிய வேண்டும். கூட்டம் போடுவதோ காலையில், கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லோரும் மலையில் இருக்கும் நேரத்தில். அப்போது கூட்டம் நடக்கும் ஹாலில் இருப்பது ஓய்வு பெற்றவர்களும் டவுனில் கடை வைத்திருப்பவர்களும்தான். எனக்காக வருவதாகச் சொன்ன, கொழுந்து பறிக்கும் இரண்டு அக்காமாரையும் வேலை வாங்கும் கங்காணி விடவில்லை.

“வேற பேர் இல்ல. பழைய தலைவரே இருக்கட்டும்” என்றார் செயலாளர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“வேலைக்குப் போறவங்க வர முடியாத நேரத்துல கூட்டம் போட்டுட்டு, பேர் இல்லன்னா எப்படி லா?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நீங்க தோட்டத்துக்குப் புதுசு, அதான் தெரியல.”

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நேற்று வந்தவளுக்குப் பதவி கேட்கிறதா என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முன் வரிசையில் இருந்த பழைய தலைவர் எழுந்தார். “உக்காரு தங்கச்சி. மத்தியானம் கொழுந்து நிறுக்க எல்லாரும் கொட்டகைக்கு வருவாங்க. கூட்டத்த அங்க வச்சிக்கலாம்.”

“அண்ணே, அங்க போனா நீங்க தோத்தாலும் தோத்துருவீங்க” என்று செயலாளர் அவர் காதில் சொன்னது எல்லோருக்குமே கேட்டது.

“அவங்களும் சந்தா கட்றவங்கதானே? அவங்களக் கேக்காம நான் யாருக்குத் தலைவரு?”

மத்தியானம் கொட்டகையில் நல்ல மழைச் சாரல். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு, கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கூடினார்கள். காலையில் வர முடியாத அக்காமார் இருவரும் முன்னால் வந்து என் பெயரைச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்தில் அவர்கள் பேசியது அன்றுதானாம். எனக்காக ஒவ்வொரு கையாக மேலே போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலைந்து கை வித்தியாசத்தில் பழைய தலைவரே ஜெயித்தார். மறு வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனார். லயத்துக்குப் பின்னால் இப்போது தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. கிளைக் கூட்டமும் அன்றிலிருந்து கொட்டகையில்தான்.

அடுத்த தேர்தலில் திரும்பவும் நிற்கப்போகிறேன். என்னிடம் தோற்கலாம் என்று தெரிந்தும் எனக்காகக் கூட்டத்தையே இடம் மாற்றிய மனிதரை எதிர்த்து நிற்பதில் எனக்குப் பயமே இல்லை.