கோந்து வைத்த முடிச்சு

அந்தமானில், ஹேடோ துறைமுகக் குடியிருப்பில் கஸ்பாரின் வீட்டில் கோந்துப் புட்டி கிடையாது. கடித உறை ஒட்டச் சோற்றுப் பருக்கைதான். ஏன் என்று கேட்டால், "கையில பிசுபிசுன்னு ஒட்டும்" என்பார்.

தூத்துக்குடித் தோணிகளில் பாய்க்கயிறு பிடித்து வளர்ந்தவர். 1953இல் போர்ட் பிளேர் வந்து கலாசியாகச் சேர்ந்தார். இந்தியக் கரையிலிருந்து மெயின்லாண்டுக் கப்பல் வந்தால் அதன் வடத்தை வாங்கிக் கரையில் மாட்ட வேண்டும். கிளம்பும்போது அவிழ்த்துவிட வேண்டும். ஓய்வு நேரத்தில் முழ நீளத்தில் சின்னப் பாய்மரத் தோணிகள் செய்வார். மரம் செதுக்குவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் தீவில் இருந்தார்கள். கயிறு கட்டுவதில் அவருக்கு ஈடு யாருமில்லை. நூலை மெழுகில் இழுத்து, பெரிய தோணியில் எந்த இடத்தில் எந்த முடிச்சோ அதையே இதிலும் போடுவார். சும்மா சுற்றிவிட்டாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது. "பாக்கிறவனுக்குத் தெரியாட்டா என்ன, பாய்க்குத் தெரியும்லா" என்பார்.

1958இல் மகள் ரோசலினுக்கு ஒன்பது வயது. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். இதயத்தில் கோளாறு, மதராஸுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர்.

கஸ்பாரின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தோடு கடலேறுகிறவருக்காக மாதா கோயிலுக்கு ஒரு சின்னத் தோணி நேர்ந்துகொள்வார்கள். ஆள் ஏறிய கப்பல் கரையை விடுமுன் அது கோயிலுக்குப் போய்விட வேண்டும். அதன் கயிறுகளில் ஆணியோ பசையோ படக்கூடாது. கட்டியது கட்டாகவே நிற்க வேண்டும்.

கப்பல் வியாழக்கிழமை என்றிருந்தார்கள். புதன் காலை, வானிலை சரியில்லை, இன்று மூன்று மணிக்கே கிளம்புகிறது என்று செய்தி வந்தது. மகளுக்காக நேர்ந்த தோணியில் இன்னும் ஒன்பது முடிச்சு பாக்கி. ரோசலின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல எலி உண்டா?"

"கப்பல்னா எலி இல்லாமலா? நீ பேசிப் பேசித்தான் ஒளிஞ்சு கிடக்கு."

எட்டு முடிந்தது. கடைசி, பாயின் கீழ்முனை வளையத்தில் கட்ட வேண்டிய கயிறு. அவசரத்தில் நூலை ஒரு விரற்கடை குறைத்து வெட்டியிருந்தார். முடிச்சுக்கு நீளம் இல்லை. புது நூல் கோக்க வேண்டுமென்றால் மூன்று கப்பிகள் வழியாகத் திரும்ப நுழைக்க வேண்டும், அரை மணி ஆகும். வாசலில் மேஸ்திரி பன்னீர்செல்வத்தின் குரல் கேட்டது.

"அரே கஸ்பார், சலோ சலோ! உன் கப்பல் கிளம்புறதுக்குள்ள நிஜக் கப்பல் மெயின்லாண்டு போய்த் திரும்பிரும் போலயே!"

நுனியை வளையத்தில் மடித்து, பாயில் துணி ஒட்டுவதற்கு வைத்திருந்த கோந்தில் ஒரு சொட்டு எடுத்து வைத்தார் கஸ்பார். விரலால் அழுத்தினார். நின்றது.

"சிசிலி, இதக் கோயில்ல குடுத்துட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வந்திரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

மூன்று மணிக்கு அவரே வடத்தை அவிழ்த்துவிட்டார். மேல்தளத்தில் தாயின் பக்கத்தில் நின்று ரோசலின் கையாட்டினாள்.

பதினேழாம் நாள் தந்தி வந்தது. அடக்கம் மதராஸிலேயே முடிந்திருந்தது. அதே கப்பலில் சிசிலியா தனியாகத் திரும்பினார். கப்பலிலிருந்து வந்து விழுந்த வடத்தை வாங்கி மாட்டியதும் கஸ்பார்தான்.

அந்தத் தோணியைக் கோயிலில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கஸ்பார் அண்ணாந்து பாயின் அந்த ஒரு மூலையைப் பார்ப்பார். செருப்புத் தோலே பூஞ்சை பூத்துப்போகிற தீவு ஈரம் இது. கோந்து எத்தனை நாள் தாங்கும்? ஒரு மழைக்காலத்தில் நுனி கழன்று தொங்கும், எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று காத்திருந்தார். பன்னிரண்டு மழைக்காலம் போயிற்று, கழலவில்லை. சிசிலியா பெண்கள் பக்கம் உட்கார்ந்து தலை குனிந்தே ஜெபிப்பார். ஒருநாளும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று கஸ்பார் நினைத்திருந்தார்.

1970இல் கோயிலுக்கு வெள்ளையடித்தபோது உபதேசியார் ஜெபராஜ் தோணியை இறக்கிக்கொண்டு வந்தார்.

"உம்ம தோணில சிலந்தி குடும்பம் நடத்துதுவே. காலி பண்ணச் சொல்லிட்டுக் குடும்."

அன்று மதியம் கஸ்பார் வாசலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். முதலில் அந்த மூலைக்குத்தான் கை போனது. கோந்தை இளக்கி எடுத்துவிட்டு, இப்போதாவது ஒரு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியை வைத்துக் காத்திருந்தார். நுனி அசையவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

கோந்து இல்லை. முடிச்சு இருந்தது.

நூலின் மிச்ச நுனி அரிசி நீளம்கூட இல்லை. அவ்வளவு குட்டை நூலில் அவரால் முடிச்சுப் போட முடியாது. அறுந்த வலையில் கிடைத்த நுனியைப் பிடித்துக் கட்டிப் பழகிய கைக்குத்தான் அது வரும். அந்த வீட்டில் வலைக்காரர் மகள் ஒருவர்தான்.

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த சிசிலியா எட்டிப் பார்த்தார். கஸ்பார் கையில் இருந்ததைப் பார்த்ததும் ஈரக்கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கோயில் படியில வச்சுத்தான் பாத்தேன். ஈரம் மினுங்கிச்சு. உரிச்சுட்டு நான் கட்டினேன்."

"சொல்லலியே நீ."

"என்னன்னு சொல்ல? எனக்குத் தெரிஞ்சது வலை முடிச்சு. கப்பல்ல அதப் போட்டுட்டேனே, அதனாலதானோன்னு..." சிசிலியா முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க மேல மேல பாக்கும்போதெல்லாம், கண்டுபிடிச்சிட்டியன்னு நினைப்பேன்."

கஸ்பார் அந்த மூலையைப் பெருவிரலால் நீவினார்.

"சிசிலி, பாய் முனைக்கும் இதே முடிச்சுதான். நாங்களும் இதத்தான் போடுவோம். நான் கட்டியிருந்தாலும் இதத்தான் கட்டியிருப்பேன்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

"அப்ப தோணில ஒரு குறையும் இல்லியா?"

"இல்ல."

சிசிலியா அந்த முடிச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப பிள்ள ஏன் போனா?"

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்குக் கஸ்பாரிடம் ஒரு பதில் இருந்தது. சிசிலியாவிடமும் இருந்தது. இப்போது இருவரிடமும் இல்லை. கஸ்பார் ஊசியை எடுத்து, கப்பிகளுக்கு இடையில் இருந்த சிலந்தி நூலை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். சிசிலியா தோணி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.