பாதிப் போத்தல்

தங்கராஜு லோரி டிரைவர். மலேசியாவில், மலாக்காவை அடுத்த அலோர் காஜாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய் இறக்குவார். கல்யாணமான புதிதில், வேலை முடிந்து கூட்டாளிகளோடு குடிக்க உட்கார்ந்தால் வீடு திரும்பும்போது கால் தரையில் நிற்காது. மனைவி நளினி சண்டை போடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவளே ஒரு பெரிய பீர் போத்தல் வாங்கி வந்தாள். வீட்டு வாசலில் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள்.

“இனிமே இங்கதான் குடிக்கணும். ஒரு போத்தல். அதுலயும் பாதி எனக்கு.”

“உனக்கா? கசக்கும்டி!”

“கசக்கட்டும் லா. நான் குடிக்கிற அளவு உங்களுக்குக் குறையும்ல.”

முதல் மடக்கிலேயே அவள் முகம் கோணிப்போனது. ஆனாலும் விடவில்லை. நாளாக ஆக, அது வீட்டு வழக்கமாகிவிட்டது.

மாலை வெயில் எதிரேயிருந்த செம்பனை மட்டைகளுக்குள் நுழைந்து, நுரை அடங்கிய பீரில் வந்து தங்கும். பேச்சு தானாக நின்றுபோகும். பள்ளிவாசல் பாங்கும், அடுத்த வீட்டுக் குக்கர் விசிலும், தெருவில் போகும் மோட்டார் சைக்கிளும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். நாற்காலி தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே மிதப்பதாக நளினிக்குத் தோன்றும். மகள் தேவிஸ்ரீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த நேரம் இன்னும் நீண்டது.

“அளவா குடிச்சா பீர் நெஞ்சுக்கு நல்லதாம்,” என்று கைப்பேசியில் வந்த செய்தியைத் தங்கராஜு அடிக்கடி வாசித்துக் காட்டுவார். நளினியும் நம்பினாள். நம்புவது சுகமாக இருந்தது.

போன வருஷம் அவருக்கு அடிக்கடி அசதி வந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு, ரத்த அழுத்தமும் அதிகம். டாக்டர் இஷ்ரத் மலாக்காக்காரப் பெண், தமிழிலேயே பேசினார்.

“அளவா குடிச்சா நல்லதுன்னு சொல்றாங்களே டாக்டர்?”

“முன்ன அப்படித்தான் சொன்னாங்க அங்கிள். இப்போ ஆராய்ச்சி பண்றவங்க அவ்ளோ உறுதியா சொல்றதில்ல. கொஞ்சமா குடிச்சா கெடுதல் கொஞ்சம், அவ்ளோதான். அதை மருந்துன்னு நினைக்காதீங்க. உங்க ஈரலுக்கு அந்தக் கொஞ்சமும் வேணாம்.”

தங்கராஜு அன்றைக்கே விட்டுவிட்டார். சாயங்காலம் எலுமிச்சைத் தண்ணீரோடு வந்து உட்கார்ந்து, “நீ குடி நளினி, உனக்கு ஒன்னும் இல்லயே,” என்றார். அவள் போத்தலைத் திறந்து தன் பங்கை ஊற்றினாள். மீதி அப்படியே நின்றது. குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினாள்.

ஏங்கப்போவது அவர்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ சாயங்காலம் தெருவைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார். கனவு வந்தது அவளுக்குத்தான். தோட்டம் முழுக்க நுரை ததும்பும் பொன்னிற வெள்ளம். அதில் லோரி படகுபோல மெல்ல அசைந்து போகிறது. குலைகளின் மேல் அவள் கால்நீட்டிப் படுத்திருக்கிறாள். விழித்ததும் வெட்கமாக இருந்தது. அவரிடம் சொன்னாள்.

“அட, என்னைத் திருத்த வந்து நீ மாட்டிக்கிட்டியா!” சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “வா, இன்னிக்கு என்கூட நட.”

அன்றிலிருந்து இருவருமாக நடந்தார்கள். சில மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஈரல் கொஞ்சம் தேறியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் தொடர்ந்தது.

தீபாவளிக்கு மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் நளினியின் தம்பி காந்தன் வீட்டுக்குப் போனார்கள். காந்தன் அக்காவிடம் ஒரு கிளாஸ் பீரை நீட்டினான். அவள் கணவரைப் பார்த்தாள்.

“ஆசையா இருந்தா குடி லா. நல்லதுன்னு மட்டும் சொல்லிக்காத,” என்றார்.

மெதுவாகக் குடித்தாள். ருசியாகத்தான் இருந்தது. இன்னொன்று வேண்டுமா என்று காந்தன் கேட்டபோது போதும் என்றாள்.

பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது தங்கராஜு காரை ஓட்ட, அவள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துக்கொண்டாள். பழைய கடைவீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, அவள் மடியைத் தொட்டுவிட்டு நழுவிப் போயின.