நீலமாகிப்போன தங்கம்

எங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தை நிறுத்திவிடப் போவதாக ஆசிரியர் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பல வருஷமாக அந்தப் பக்கத்தை நான் ஒருத்தியே இழுத்துக்கொண்டு வருகிறேன். “நீ எழுதறது உனக்காவது புரியுதா?” என்றார் அவர். வங்காள வழக்கப்படி நாங்கள் ‘தாதா’, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் நல்ல மனிதர்தான், நாக்கில் மட்டும் காரம் கொஞ்சம் தூக்கல். கடைசியாக ஒரு கட்டுரை கேட்டார். அதுவும் புரியாவிட்டால் அந்த இடம் கோச்சிங் சென்டர் விளம்பரத்துக்குப் போய்விடும்.

கோபம் அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானோ என்ற வார்த்தையை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ‘தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த பத்திக்கு நழுவிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று பத்திரிகைக்காரர்களுக்கு நானோ அறிவியலில் செய்முறைப் பயிற்சி வைத்தது. வீடு இருக்கும் பவானிபூரிலிருந்து மெட்ரோவும் ஆட்டோவும் பிடித்துப் போனேன். உரையைக் கேட்டுவிட்டு பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பிவிடலாம் என்றுதான் எங்களில் பலர் வந்திருந்தோம். பயிற்சி நடத்திய பெண் விஞ்ஞானி எங்கள் பேனாக்களை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் கொடுத்தார்.

தங்க உப்பு கரைந்த நீரைக் கொதிக்கவைத்து அதில் சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். தங்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உருவாகும், நீர் மாதுளைச் சாறு மாதிரி சிவக்கும். ஒவ்வொரு மேஜையாகச் சிவந்தது. ஆளாளுக்கு செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். என் குடுவையில் மட்டும் நீலமும் சாம்பலுமாக ஏதோ ஒன்று கலங்கி நின்றது. “தங்கம் மக்கர் பண்ணுதா, தீதி?” என்று என்னை அக்காவாக்கிப் பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கம் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன்.

விஞ்ஞானி வந்து பார்த்தார். “குடுவையை என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. குழாயில ஒரு தடவை அலசினேன்.”

எங்கள் வீட்டில் பளபளவென்று கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரைக்கூட ஒருமுறை அலம்பாமல் யாரும் எடுக்க மாட்டோம். ஆய்வுக்கூடத்தார் அமிலம் விட்டுக் கழுவி, சுத்திகரித்த நீரில் அலசித் தயாராக வைத்திருந்த குடுவையை நான் பழக்கதோஷத்தில் குழாயடிக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

அவர் திட்டவில்லை. கைதட்டி எல்லோரையும் என் மேஜைக்கு வரவழைத்து, ஒரு சிவப்புக் குடுவையை என்னுடையதன் பக்கத்தில் வைத்தார்.

“குழாய்த் தண்ணியில இருக்கிற உப்புதான் காரணம். துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பெரிசாயிடுச்சு. ரெண்டும் ஒரே தங்கம்தான். அளவு மாறினதும் நிறம் மாறிடுச்சு, பாருங்க.”

பார்த்தேன். தங்கம் என்றால் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம். எந்தத் தலைமுடியின் உதவியும் இல்லாமல் நானோ எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் இப்போது என் குடுவையைப் படம் எடுக்க முண்டியடித்தார்கள்.

திரும்பும்போது அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். “அலம்பாம எப்படிடி எடுப்பா?” என்று முதலில் எனக்காகப் பரிந்து பேசினாள். பிறகு, “அப்போ தனித்தனியா இருந்தா சிவப்பு, ஒட்டிண்டா நீலம். இவ்வளவுதானே?” என்றாள். மெட்ரோ படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டேன். என் பக்கத்தை ஒருநாளும் முழுசாகப் படித்திராத அம்மா!

குடுவையைக் குழாயில் அலசியதையும் விடாமல் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக இரண்டாவது பத்தியிலேயே அவர் கை டீக்கோப்பையைத் தேடும். அன்று தேடவில்லை. கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வெள்ளியும் இந்த மாதிரி நிறம் மாறுமா?”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அறிவியலைப் பற்றி எதுவும் கேட்டதே இல்லை.

“தெரியலை தாதா. கேட்டு அடுத்த வாரம் எழுதறேன்.”

“எழுது,” என்றார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு, கேட்காமலேயே அவர் எதிரில் உட்கார்ந்தேன்.