ராஜாவின் தலையளவு

எங்கள் ராஜாவுக்கு மழை ஆகாது. கிறிஸ்து அரசர் திருநாளோ நவம்பர் கடைசியில் வரும், விருத்தாசலம் ஊறிக் கிடக்கிற காலத்தில். அட்டையை வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம்தான் எங்கள் தேவாலயத்து அரசர் சிலைக்கு. பவனி கடைவீதியைத் தாண்டுவதற்குள் மஞ்சள் சாயம் கன்னத்தில் வழியும். விண்ணையும் மண்ணையும் ஆளுகிறவர், ஒரு தூறலுக்கு வெளுத்துப்போய் நிற்பார். ‘எங்கள் ராஜாவே’ என்று உருகிப் பாடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் சிரித்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமா சொன்னார்: “பீங்கான்லயே செஞ்சி குடுத்துடறேன். எந்த மழைக்கும் அசையாது.”

மாமா என் அக்காவின் கணவர். செராமிக் கம்பெனியில் அச்சில் மண்கூழ் ஊற்றி வார்க்கிற வேலை. பானை செய்யும் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. அக்கா ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். அம்மா பாதிதான் ஏற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டியதை அக்காவிடம் கேட்பாள்: “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குவாரான்னு கேளுடி.”

மாமாவும் சளைத்தவரில்லை. “ரசம் நல்லா இருக்குதுன்னு அத்தகிட்ட சொல்லு.”

நடுவில் அக்கா தந்திக் கம்பி மாதிரி நிற்பாள். இந்தக் கிரீடமாவது அவரை அம்மாவுக்கு மாப்பிள்ளை ஆக்கிவிடாதா என்று ஏங்கினாள். மாமா தன் ஏக்கத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. கிரீடம் முடிகிறவரை பீடியை மட்டும் தொடவில்லை.

கோயிலில் பூ வைப்பது அம்மாவின் வேலை. அதனால் ராஜாவின் தலையை நூலால் சுற்றி அளந்தவள் அவள்தான். நூலை அக்காவிடம் கொடுத்தாள்; அக்கா மாமாவிடம் கொடுத்தாள். ரசம் போன அதே வழி.

திருநாளன்று மத்தியானம்தான் சூளை பிரித்தார்கள். வெதுவெதுப்பு ஆறுவதற்குள் துண்டில் சுற்றி, சைக்கிளில் அணைத்துக்கொண்டு வந்தார் மாமா. தேன் நிறப் பளபளப்பு, சுற்றிலும் மாதுளை மொட்டுகள். கூட்டம் வாயைப் பிளந்தது. பங்குச் சாமியார் முக்காலியில் ஏறி அரசரின் தலையில் வைத்தார். அது நெற்றியில் நிற்கவில்லை. கண்ணை மறைத்தது, தாடியை மறைத்தது, தோளில் போய் உட்கார்ந்துகொண்டது.

“ராஜா தலைல கிரீடம் வெப்பாங்க. நீங்க கிரீடத்துக்குள்ள ராஜாவ வெச்சிட்டீங்களே!” என்றார் சாமியார்.

சிரிப்பு வாசல்வரை போனது. மாமா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“மண்ணு வேகறப்ப சுருங்கும்ல சாமி. அதுக்குன்னு கொஞ்சம் பெருசா வார்த்தேன்.”

“ஐயய்யோ, அதுக்குத்தாங்க நான் வேற நூலு நீளமா வெட்டிக் குடுத்தேன்!” என்றாள் அக்கா.

“சொல்ல வேணாமா?”

“நீங்க கேக்க வேணாமா?”

பீங்கான் ஊர் இது. மண் சுருங்கும் என்பதை, கோயிலில் சொல்லித்தரும் ஞானோபதேசத்துக்கு முன்பே படித்துவிடுவோம். சாமியாருக்குக் கணக்கு இடித்தது. “ரெண்டு பேரு விட்டதுக்கே இம்மாம் பெருசா?”

அம்மா பூக்கூடையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்: “நானும் நாலு வெரக்கட கூடவே விட்டுத்தான் அளந்தேன்.”

“நீ எதுக்கும்மா?” என்றாள் அக்கா.

“சின்னதாப் போயிட்டா அவரப் பாத்துச் சிரிப்பாங்களேன்னுதான்.”

மாமாவின் கை துண்டோடு நின்றுபோனது. அம்மா கிரீடத்தைக் கழற்றி அரசரின் காலடியில் வைத்தாள். அதன் நடுவே செவ்வந்தியைக் கொட்டி நிரப்பினாள். பவனி கிளம்பியதும் மழை வந்தது.

ராஜாவே, அன்று நீர் வெறுந்தலையோடு எங்களோடு நனைந்தீர். கன்னத்தில் ஒரு துளி சாயமில்லை. சந்துக்குச் சந்து கும்பிட்டார்கள். பாட்டுக்கு நடுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. உமக்குக் கிரீடம் பொருந்தாமல் போனதில் உமக்கும் பங்கு உண்டோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பவனி திரும்பி வந்தபோது, முந்தானையைப் பிழிந்தபடி அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “அடுத்த வருஷம் ஒருத்தரே அளக்கட்டும். நீங்களே வந்து அளந்துக்குங்க, மாப்ள.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

“சரின்னு அத்தகிட்ட சொல்லு.”