ஓவியர் மனைவியின் கையுறை

1. இரண்டாவது ரிஜெக்ட்

இரண்டாவது சாம்பிளும் ரிஜெக்ட் ஆன அன்று காலை, மேனேஜர் இம்தியாஸ் சார் என்னை “சூப்பர்வைசரம்மா” என்று கூப்பிட்டார். வழக்கமாகப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். மரியாதை கூடினால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு டேனரி. பதப்படுத்திய தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றுகிற ஃபினிஷிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசராகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள் நான். நூலின் நிறம் பார்த்துப் பழகிய கண் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

“மூணாவதும் போச்சுன்னா ஆர்டரே போய்டும். உன்னை மறுபடி பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்வாங்க. நான் இன்னா பண்ண முடியும், சொல்லு?” என்றார்.

பேக்கிங்கில் பதினோரு வருஷம் இருந்தவள் நான். திரும்பிப் போக எனக்கு மனசில்லை. அதிலும், “பொம்பளைய வெச்சா இப்படித்தான்” என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே போக சுத்தமாக மனசில்லை.

ஆர்டர் இதுதான். ஐரோப்பாவில் கைப்பை செய்கிற ஒரு கம்பெனி, பழைய ஓவியம் ஒன்றின் பெரிய பிரிண்ட் அனுப்பியிருந்தது. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால், பரோக் காலத்து ஓவியர் ஒருவர் தன் மனைவியை வரைந்தது. அந்த அம்மாள் ஒரு கையில் கையுறை போட்டிருக்கிறார். கழற்றிய இன்னொன்றை அதே கையில் பிடித்திருக்கிறார். அந்தக் கையுறைத் தோலின் ஷேடு வேண்டும் என்பது அவர்கள் கேட்டது.

முதல் சாம்பிளுக்கு வந்த பதில்: “நிறம் சரி. தோலைத்தான் காணோம்.” எனக்கு அது புரியவில்லை. பளபளப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டி, மேலே இன்னும் இரண்டு கோட் அடித்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில் ஒரே வரி: “முன்னதைவிட மோசம்.”

2. ஓட்டை போட்ட அட்டை

ஷேடு பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் வடக்கு ஜன்னலோரம் போக வேண்டும். புடவை நிறம் தோலில் அடிக்காமலிருக்க வெள்ளைக் கோட்டு போட வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட சாம்பல் நிற அட்டையைச் சாம்பிள்மேல் வைத்து, ஓட்டை வழியாக மட்டும் பார்க்க வேண்டும். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு.

நான் இரண்டு முறையும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு மாதமாக அந்தப் படம் என் மேஜையில் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கையுறை மட்டும்தான். அந்த அம்மாளுக்கு முகம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வெறுத்துப்போய் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுப்படத்தையும் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். மூக்கு நுனியில் லேசான சிவப்பு. நெற்றியோரம் ஓடும் பச்சை நரம்பு. தாடைக்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு. கையுறையிலும் அப்படியே. விரல் மடங்குகிற இடமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. கடையில் புதிதாக வாங்கியது இல்லை, அவர் தினம் போட்டுக் கழற்றுகிற கையுறை. அடியில் பூசிய பழுப்பு மேலே தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வண்ணம் வைத்திருந்தார் அந்த ஓவியர்.

நாங்கள் பிழைப்பதே மறைப்பதில்தான். தோலில் நரம்பா, கொசுக்கடியா, கீறலா, எதுவானாலும் பிக்மென்ட் என்கிற கெட்டி வண்ணம் அடித்து மூடிவிடுவோம். இவர் ஒன்றையும் மூடவில்லை. மூடாமலே அந்த அம்மாளை இவ்வளவு அழகாக வைத்திருந்தார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

3. சி கிரேடு

நேராகத் தோல் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் ஹாலுக்குப் போனேன். நரம்பு தெரிகிறது என்று ஒதுக்கி வைத்திருந்த சி கிரேடு அடுக்கிலிருந்து மூன்று ஆட்டுத் தோல்களை உருவினேன்.

அங்கிருந்த முருகன் அண்ணன் பதறிவிட்டார். “இன்னாம்மா இது? நரம்பு ஓடுன தோலைப் போய் சாம்பிளுக்கு எடுத்துனு போற? பேஜாராய்டும்!”

“ஆவட்டும்ணே.”

பிக்மென்ட் துளிகூடச் சேர்க்கவில்லை. சாயத்தை மட்டும் தண்ணீர் போலக் கரைத்து, மூன்று தடவை பனி மாதிரி ஸ்ப்ரே பண்ணினேன். காய்ந்ததும் தோலை மடித்து, மடிப்பை மட்டும் துணியால் தேய்த்து வெளுக்க வைத்தேன்.

இம்தியாஸ் சார் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஆர்டர் குடுத்த பையருக்கு நரம்பை அனுப்புவியா நீ?”

“சார், அந்த அட்டையை எடுத்துட்டு ஒரே ஒரு தடவை அந்தம்மாவைப் பாருங்க.”

அலுத்துக்கொண்டேதான் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

“கட்டின பொண்டாட்டிய எவ்ளோ நேரம் பார்த்துக்கினு இருந்திருப்பான்மா இந்த ஆளு!” என்றார் கடைசியில். சாம்பிளில் கையெழுத்தும் போட்டார்.

எட்டாவது நாள் பதில் வந்தது. ஓகே ஆகியிருந்தது. கீழே ஒரு வரி: “இந்தத் தோலை அந்த அம்மாள் போட்டிருந்தார் என்று இப்போது நம்ப முடிகிறது.” நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் ரிட்டையர் ஆகும்வரை யாரும் என்னிடம் பேக்கிங் பேச்சு எடுக்கவில்லை. முழு ஆர்டருக்கும் போதுமான நரம்புத் தோல் கிடைக்காமல் முருகன் அண்ணன் திண்டாடியது தனிக்கதை.

ஃபினிஷிங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்தது ஒன்றுதான். ஓட்டை வழியாகப் பாருங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

4. வீட்டு ஜன்னல்

போன மாதம் ரிட்டையர் ஆனேன். மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவளை என் வீட்டுக்காரர் போனில் படம் பிடித்துக் காட்டினார். போன் என் முகத்தை மைதா மாவு மாதிரி வழித்து வைத்திருந்தது. கன்னத்து மங்கு இல்லை, கண்ணுக்குக் கீழே சுருக்கம் இல்லை.

“எப்படி இருக்க பார்! பத்து வயசு கம்மி,” என்றார் பெருமையாக.

“யாருங்க இந்தப் பொம்பளை? அழிச்சிட்டு வேற எடுங்க.”

அவரை வடக்கு ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். போனில் அந்தப் பூச்சு வேலையை நிறுத்தச் சொன்னேன். அங்கே உட்கார்ந்து, நகக்கண்ணில் சாயம் ஏறிய என் இரண்டு கைகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“கையும் வருதா பாருங்க.”

அவர் போனைத் தாழ்த்திவிட்டு, முதலில் வெறும் கண்ணால் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் எடுத்தார்.