பீர் முகம்மது பாயின் கோழி வண்டி

பீர் முகம்மது பாய்க்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தகரச் சுவர். உக்கடத்தில் அந்தப் பக்கம் அவருடைய டிங்கரிங் பட்டறை, இந்தப் பக்கம் நான் வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் கடை. பத்தொன்பது வருடமாக அவர் தட்டுகிற தட்டில் என் காது பாதி போய்விட்டது.

"ஏனுங்க பாய், மெதுவாத் தட்டுங்க! மிஷின்ல நூல் அறுந்து போகுது!" என்று கத்துவேன்.

"ஆகட்டுங்க அம்மணி" என்பார். அதே வேகத்தில் தட்டுவார். எங்கள் ஊரில் 'ஆகட்டுங்க' என்றால் நடக்காது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள்தான் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.

ஆனால் வேலைக்காரர் என்றால் அவர்தான் வேலைக்காரர். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி வந்த காரை ஒரே வாரத்தில் தட்டி நிமிர்த்தி, மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து நிறுத்திவிடுவார். காரின் சொந்தக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடிபட்ட எடமே தெரியலீங்க பாய்!" என்பார். டிங்கர் வேலையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது பாய் சொன்னார்: "நீங்க தெச்ச சீட்டுல ஒக்காந்து பாத்து, நல்லாருக்குதுன்னு சொல்றாங்க. நம்ம வேல நல்லாருந்துச்சுன்னா வேல செஞ்சதே தெரியாதுங்க அம்மணி. முப்பத்திரண்டு வருசமாச்சு. இதா பாருங்க, இது நாஞ் செஞ்சதுன்னு கைய நீட்டிக் காட்ட ஒரு சாமான் இல்லீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவருக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். பழைய வண்டியின் கூரையை வெட்டித் தாழ்த்துகிறார்கள், முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டைக் கழற்றி எறிகிறார்கள், மூடியை எடுத்துவிட்டு இன்ஜினை ஊரே பார்க்க விடுகிறார்கள். "இதுக்குப் பேரு ஹாட் ராடுங்க" என்று எனக்குக் காட்டினார்.

"சூடான கம்பிதானே? அதைத்தான் தினமும் வெல்டிங் அடிக்கறீங்களே" என்றேன்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நரசிம்மலு அண்ணன் அவருடைய பழைய வாடிக்கைக்காரர். அவருடைய பண்ணையில் வேப்பமரத்தடியில் ஒரு பிக்கப் வண்டி துருப்பிடித்து நின்றது. இருபது வருடம் பாலக்காட்டுக்குக் கோழி ஏற்றிப்போன வண்டி. பாய் கேட்ட உடனே, "எடுத்துட்டுப் போங்க பாய், எடத்தை அடைச்சுட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டார் அண்ணன். வண்டி வந்து இறங்கியதும் அந்த வாடையில் எங்கள் வரிசையில் நாலு கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தும், ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதே வேலைதான். பதினோரு மாதம். அடிச்சட்டத்தில் எந்த மூலையைச் சுரண்டினாலும் கோழி இறகு உதிர்ந்தது. எத்தனை கழுவினாலும் இன்ஜின் சூடானதும் எங்கிருந்தோ பழைய வாடை கிளம்பிவிடும். பாயின் வீட்டம்மா உம்மல் குல்சும் அக்கா சோறு கொண்டுவரும்போதெல்லாம், "இனிமே பிரியாணிக்குக் கறி வாங்க வேண்டாம் அம்புஜம், இவுங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணுனாப் போதும்" என்று சிரிக்கும்.

கூரையில் நாலு விரற்கடை வெட்டி எடுத்தார். ஹெட்லைட்டுக்கு இரண்டு பழைய கிரைண்டர் டிரம்மை வெட்டிக் கிண்ணம் செய்தார். சீட் என் கை வேலை. அதை நான் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மாம்பழ மஞ்சளில் பெயின்ட் அடித்தபோது கூரையை வெட்டி ஒட்டிய இடத்தில் மட்டும் பட்டி பூசவில்லை. வெல்டிங் தழும்பு அப்படியே ஓடியது, சீரான சங்கிலித் தையல் மாதிரி. "மறந்துட்டீங்க பாய்" என்றேன். "இல்லீங்க அம்மணி. அது ஒண்ணு தெரியட்டுங்க" என்றார்.

இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆனால் மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கென்றே ஒரு கல்லூரி மைதானத்தில் கண்காட்சி வைப்பதாகத் தெரிந்தது. ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஓர் அட்டை, அதில் உருவாக்கியவர் பெயர். "பேரு எழுதி வெப்பாங்களாமுங்க" என்று பாய் என்னிடம் மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கண்காட்சி அட்டைக்கு விவரம் கேட்டு நவ்யா என்கிற கல்லூரிப் பெண் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வண்டி யாருதுங்க அங்கிள்?"

"பல்லடம் நரசிம்மலு அண்ணனுதுங்க கண்ணு."

"பில்ட் பண்ணது யாருங்க?"

"அட, நாம என்னங்க பெருசா? சும்மா தட்டிப்போட்டோமுங்க. எல்லாம் ஆண்டவன் புண்ணியம், அண்ணன் வண்டி குடுத்த புண்ணியமுங்க."

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்க பேரச் சொன்னீங்களா பாய்?"

"அதெல்லாம் அவுங்களுக்கே தெரியுமுங்க."

என்ன தெரியும்? கண்காட்சி அன்று காலையில் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் அட்டையில் அச்சடித்திருந்தது: 'உருவாக்கியவர்: நரசிம்மலு, பல்லடம்.'

பாய் அதை வாசித்தார். வாசித்துவிட்டுத் துண்டை எடுத்துக் கிரைண்டர் கிண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கிண்ணம் அது. குல்சும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் கோழி வண்டியைத்தான் மொய்த்தது. எங்களோடு வந்திருந்த நரசிம்மலு அண்ணன் கையை ஆளாளுக்குப் பிடித்துக் குலுக்கினார்கள். பாவம், அவர் நெளிந்தார். "ஐயோ, நானில்லீங்க! எனக்குக் கோழியத் தவிர ஒண்ணுந் தெரியாதுங்க!" என்று கும்பிட்டார்.

"பாருங்க, எத்தன அடக்கம்!" என்று இன்னும் நாலு பேர் வந்து குலுக்கினார்கள்.

இதை எங்கே போய்ச் சொல்வது? செய்தவர் பணிவுக்குச் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். செய்யாதவர் சொன்ன உண்மையைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும்.

நவ்யாவைத் தேடிப் பிடித்து இழுத்துவந்தேன். "அம்மணி, அட்டையை மாத்து. வண்டி பாய் செஞ்சது." அந்தப் பெண் பதறிப்போய், "அப்படிங்களா அங்கிள்?" என்று பாயைக் கேட்டது.

"அட, உடுங்க கண்ணு. யாரு செஞ்சா என்னங்க?" என்றார் பாய்.

என் கையில் கத்தரிக்கோல் இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம். "உங்க மரியாதையத் தூக்கி உப்புல போடுங்க!" என்று அத்தனை பேர் நடுவில் கத்திவிட்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு துடைத்தார்.

அப்போதுதான் நடுவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனா. வண்டியைச் சுற்றி வந்தவர் கூரைப் பக்கம் நின்று விரலால் தடவினார். "எல்லாம் நல்லாருக்குதுங்க. இந்த ஜாயின்ட்ல மட்டும் பட்டி போட மறந்துட்டீங்களாட்ட இருக்குது. வேல முடியலீங்களே" என்றார் நரசிம்மலு அண்ணனிடம்.

அண்ணன் திருதிருவென்று விழித்தார். மரியாதைக்காக, "ஆமாங்க, மறந்துட்டாப்பல இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

துண்டு கீழே விழுந்தது.

"மறக்கல" என்றார் பாய்.

நடுவர் திரும்பினார். பாய் அந்தத் தழும்பின் மேல் கையை வைத்தார். "வேணும்னே உட்டது. அந்த வரி என்ற கை அடிச்சது. கூரை வெட்டுனது நான், ஒட்டுனது நான். இது என்ற வேல. நாஞ் செஞ்சது."

ஒரு 'ங்க' இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாத பேச்சை அன்றுதான் கேட்டேன். போலீஸ்காரரிடமும் 'ங்க', பூனையிடமும் 'ங்க' போடுகிற மனிதர். குல்சும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

நடுவர் மறுபடி குனிந்து அந்தத் தழும்பை முழுதும் தடவிப் பார்த்தார். "கையில வெல்டிங் அடிச்சதுங்களா இது?" என்றார், அவருடைய குரலே மாறியிருந்தது. நரசிம்மலு அண்ணன், "காலைலருந்து நானில்ல, நானில்லன்னுதானுங்க கத்திட்டிருக்கறேன்!" என்று தலையில் கை வைத்தார். கூட்டம் சிரித்தது.

நவ்யா பழைய அட்டையைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் எழுத மார்க்கர் பேனாவைத் திறந்தது. "பேர் சொல்லுங்க அங்கிள்."

"பீர் முகம்மதுங்க" என்றார். அந்தப் பெண் எழுதத் தொடங்கியதும் தயங்கித் தயங்கி இன்னும் கொஞ்சம் கிட்டே போனார்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க கண்ணு."